லயத்தின் மேல் வைத்த பெட்டி

மதுஷா அந்தப் பச்சைப் பெட்டியைத் தன் கையாலேயே இழுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டின் மேல் வைத்தாள். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. மவுசை அழுத்திப் பிடித்தாள், இழுத்தாள், விட்டாள். தோட்டத்துக் குடும்பங்கள் ஒட்டி ஒட்டிக் குடியிருக்கும் லயத்தின் பத்துக் காம்பராவும் முன்வாசலும் துணி காயப்போட்ட கொடியும் அதன் அடியில் போய்விட்டன. பெட்டிக்குள் ஆங்கிலத்தில், 'ஊசிமலை பங்களா உங்களை வரவேற்கிறது' என்று எழுதி, எழுத்துக்கு வெள்ளை நிறம் கொடுத்தாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை.

இது 2003இல் நடந்தது. பதுளைக் கடைவீதியில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் மதுசூதனனின் கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. மதுசூதனன் யாழ்ப்பாணத்து மனிதர். அரசாங்கக் கச்சேரியில் கடிதம் எழுதும் இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரோடும் சண்டைக்குப் போகாதவர் என்று பெயர் எடுத்திருந்தார். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதே அவருக்குப் பெரிய வேலை. ஆறு கணினிகள், ஆறும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய பழசு. அவற்றில் மூன்றாவதன் முன்னால் மதுஷா உட்கார்ந்து இணையப் பக்கங்கள் செய்தாள். நான்காவதில் றஷீனா. பதுளை டவுனிலேயே பிறந்து வளர்ந்தவள். தட்டச்சு, கடிதம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவள் பொறுப்பு.

அந்த மூன்றாவது நாற்காலிதான் மதுஷாவுக்கு எல்லாமும். எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் இருக்கும் ஊசிமலைத் தோட்டத்தில் அவள் குடும்பத்திலிருந்து கொழுந்து பறிக்க மலைக்குப் போகாமல் வேலைக்குப் போன முதல் ஆள் அவள். பதினெட்டு முடிந்த நாளிலிருந்து கணக்கப்பிள்ளை அவள் அப்பாவைக் கண்டபோதெல்லாம், "பொண்ணு பேரப் பதிஞ்சிருவமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பெயர் பதிந்தால் மறுநாள் காலையில் கூடையோடு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். அப்புறம் ஐம்பத்தைந்து வயதுவரை அதே களம்தான். இந்த நாற்காலி போனால் அந்தப் பெயர் பதிவாகும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். அப்போதெல்லாம் பக்கம் செய்கிறவர்கள் அட்டவணை கட்டித்தான் செய்வார்கள். அட்டவணையில் ஒரு கட்டத்தை அகலமாக்கினால் பக்கத்துக் கட்டம் நசுங்கும், கீழ்க்கட்டம் இறங்கும். லயத்தில் ஒரு காம்பராவில் இருமினால் நாலு காம்பராவில் தூக்கம் கெடுகிற மாதிரி. மதுஷாவும் றஷீனாவும் மென்பொருளை நோண்டிக்கொண்டிருந்தபோதுதான் 'லேயர்' என்றொரு சாமான் அகப்பட்டது. மதுஷா அதைப் பெட்டி என்றே சொன்னாள். அந்தப் பெட்டி யாரையும் இடிக்காது, யாருக்கும் ஒதுங்காது. படத்தின் மேல் வேண்டுமானாலும் போய் உட்காரும். வைத்த இடத்தை மென்பொருள் இரண்டு எண்ணால் குறித்துக்கொள்ளும்: திரையின் இடது ஓரத்திலிருந்து இத்தனை புள்ளி, மேலிருந்து இத்தனை புள்ளி.

அந்த இரண்டு எண்ணைப் பார்த்து மதுஷா மயங்கிப்போனாள். தோட்டத்தில் வீட்டுக்கு விலாசம் கிடையாது. கடிதம் எல்லாம் தோட்டத்து ஆபிஸ் பெயருக்கு வரும். அங்கே யாராவது பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தால் உண்டு. இங்கே ஒரு சின்னப் பெட்டிக்குக்கூட அசைக்க முடியாத ஓர் இடம் இருந்தது.

ஊசிமலையின் பழைய பெரிய துரை பங்களாவைத் தோட்டத்தை நடத்தும் கம்பனி உல்லாசப் பயணிகள் தங்கும் இடமாக மாற்றியிருந்தது. அதற்கு இணையப் பக்கம் வேண்டும் என்று கொழும்பிலிருந்து தயானி வந்தாள். கம்பனியின் விளம்பர அதிகாரி. முப்பத்தைந்து வயது இருக்கும், நெற்றியில் கறுப்புக் கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தாள். எதிர்மலையிலிருந்து எடுத்த பெரிய படமொன்றைக் கொண்டுவந்தாள். வலது மேல்புறம் பங்களா, நடுவில் புல்தரை, இடது கீழ்ப்புறம் லயம்.

"படம் வடிவாத்தான் இருக்கு. கீழ கிடக்கிற உதை மட்டும் மறைச்சு விடுங்கோ," என்றாள் தயானி.

'உது' என்று அவள் சொன்னது மதுஷா பிறந்த இடத்தை. எட்டாம் காம்பரா. மதுஷா அதைக் காட்டிக்கொள்ளவில்லை. "சரிங்க மிஸ்," என்றாள். அன்று சாயங்காலம் அம்மா ரெங்கம்மா ஆசையாகக் கேட்டாள்: "ஏன்டி, அந்தப் படத்துல நம்ம லயம் தெரியுதா?"

"மரம் மறைக்குதும்மா," என்றாள் மதுஷா. வாய் கூசாமல் சொன்னாள். அன்று இராத்திரி சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். வெட்கம் என்பது அப்படித்தான், முதலில் சோற்றைத்தான் பிடிக்கும்.

பக்கம் கொழும்புக்குப் போய்ப் பத்து நாள் இருக்கும். தயானி வேனில் வந்து இறங்கினாள். சொல்லாமல் கொள்ளாமல் படியேறி வந்து, கலரில் அச்சடித்த தாள் ஒன்றை மதுசூதனனின் மேசையில் அறைகிற மாதிரி வைத்தாள்.

"டிரெக்டர்மார் எல்லாரும் இருந்து பாத்தவை. உங்கட பிள்ளை என்ன செய்து வச்சிருக்கிறா எண்டு நீங்களே பாருங்கோ!"

மதுசூதனன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. பச்சைப் பெட்டி படத்தை விட்டு வெளியே போய், இடது பக்கத்து வெற்றிடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. லயம் முழுசாக, ஒரு காம்பரா மிச்சமில்லாமல், வெளியே தெரிந்தது. அது போதாதென்று, பங்களாவின் புல்தரையில் இருக்க வேண்டிய 'எங்கள் விருந்தினர் அறைகள்' என்ற எழுத்து நேரே வந்து லயத்துக் கூரைக்கு மேல் குந்தியிருந்தது.

றஷீனா எட்டிப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது, இருமுகிற மாதிரி நடித்தாள்.

"இந்தப் பிள்ளை அந்தத் தோட்டத்துப் பிள்ளை எண்டு நேத்துத்தான் எனக்குத் தெரியும்," என்றாள் தயானி. "வேணுமெண்டே செய்திருக்கிறா. எங்களை நக்கலடிக்கிறாவோ?"

மதுஷா எழுந்து மேசைக்கு வந்தாள். அவளுக்கே அது எப்படி நடந்தது என்று விளங்கவில்லை. இந்தத் திரையில் பார்த்தபோது புள்ளி பிசகாமல் இருந்ததே! தாளைக் கையில் எடுத்து இரண்டு முறை பார்த்தாள். பிறகு படத்தின் இரண்டு பக்கத்திலும் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். அங்கேதான் பிடி கிடைத்தது.

"மிஸ், உங்க ஆபிஸ்ல இருக்கிற ஸ்கிரீன் பெருசுங்களா?"

"போர்ட் ரூமில இருக்கிறது பெரிசுதான். அதுக்கென்ன இப்ப?"

மதுஷா தன் கணினியில் திரையின் அளவை மாற்றினாள். எழுத்தெல்லாம் சிறுத்தது, பக்கம் அகன்றது. நடுவில் நிற்கும்படி அவள் வைத்திருந்த படம், அகலம் கூடியதும் வலது பக்கம் நகர்ந்தது. பெட்டிகள் நகரவில்லை. இடது ஓரத்திலிருந்து அறுபது புள்ளி என்றால் அறுபதுதான். படம் எங்கே போனால் அதற்கென்ன? பாதி லயம் வெளியே வந்தது. இன்னும் பெரிய திரையானால் முழுவதும் வரும். புல்தரை எழுத்தும் லயத்துக்கு மேலே வந்து நிற்கும். சென்டரில் ஆறு திரையும் ஒரே அளவு. மதுஷா அறிந்த உலகத்தில் எல்லாத் திரையும் அந்த அளவுதான்.

"நான் வேணும்னு செய்யலைங்க மிஸ்," என்றாள். "படத்த நடுவுல வச்சேன். பெட்டிய ஓரத்துலேருந்து அளந்து வச்சேன். அது ரெண்டும் சேராதுன்னு எனக்குத் தெரியல. என் தப்புதான்."

தயானி நம்பினாள். நம்பாமல் இருக்க முடியாது, கண்முன்னே நடந்ததல்லவா. மதுசூதனனும் பெருமூச்சு விட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சரி. தெரியாமச் செய்த பிழை. இதைத் திருத்தலாமோ?" என்றாள் தயானி.

"அஞ்சு நிமிச வேலைங்க. படத்தயும் ஒரு பெட்டிக்குள்ள போட்டு, அதுக்குள்ள இந்தப் பச்சைப் பெட்டிய வச்சா, படம் எங்க போனாலும் கூடவே போகும்."

"அப்ப செய்யும். நான் இருந்து பாத்திட்டுப் போறன்."

மதுஷா மவுசைப் பிடித்தாள். திரையில் லயம் பாதி திறந்து கிடந்தது: ஆறாம் காம்பராவிலிருந்து பத்து வரை. அவள் இதுவரை தன் வீட்டை எதிர்மலையிலிருந்து பார்த்ததில்லை. எட்டாம் காம்பராவின் வாசலில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தது. முகம் தெரியாது, ஒரு பொட்டு அளவுதான். ஆனால் இடுப்பில் கை வைத்து நிற்கிற அந்தத் தோரணை தோட்டம் முழுக்க ஒரே ஒருத்திக்குத்தான் உண்டு. படம் எடுக்க யாரோ வந்திருக்கிறார்கள் என்று எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு ரெங்கம்மா நின்றிருக்கிறாள். அந்த அம்மாவின் தலையில்தான் இவள் பெட்டியைக் கவிழ்த்திருக்கிறாள். மதுஷாவுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. தயானி மேல் பாதி, தன் மேல் பாதி.

அவள் பச்சைப் பெட்டியைத் தொட்டாள். நீக்கும் விசையை அழுத்தினாள். பெட்டி போய்விட்டது. புல்தரை எழுத்தை மட்டும் படத்தோடு சேர்த்துக் கட்டினாள். இணைப்பைத் தொடுத்தாள், மோடம் கத்தி முடிந்ததும் பக்கத்தை ஏற்றிவிட்டாள். தயானி திருத்தம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு தேநீர் குடித்தாள்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சிருச்சு மிஸ். பாருங்க."

படம் மேலிருந்து கீழே பட்டை பட்டையாக இறங்கியது. முதலில் வானம், பிறகு மலை, பங்களா, புல்தரை. தயானி தலையாட்டிக்கொண்டே பார்த்தாள். பிறகு கூரை இறங்கியது. பிறகு பத்து வாசல். தேநீர்க் கோப்பை நடுவழியில் நின்றது.

"என்ன இது?"

"எங்க லயம்ங்க."

"மறைக்கச் சொன்னனான்!"

"போன தடவ தெரியாம நடந்தது. இது தெரிஞ்சே செய்றேன்," என்றாள் மதுஷா. "நான் மறைக்க மாட்டேன் மிஸ். அங்க ஆளுங்க இருக்காங்க. உங்க பங்களாவுல சமைக்கிறவங்களும் புல்லு வெட்டுறவங்களும் அங்கேருந்துதான் வாராங்க."

தயானி றஷீனா பக்கம் திரும்பினாள். "நீர் இதைச் செய்யும், பிள்ளை."

"எனக்குத் தெரியாதே மிஸ்," என்றாள் றஷீனா, கண்ணை அகல விரித்து. "நான் கல்யாணக் கார்ட் அடிக்கிற ஆள்." பெட்டியை மதுஷாவுக்கு முன்பே கண்டுபிடித்தவள் அவள்தான்.

தயானி எழுந்து நின்றாள். "மிஸ்டர் மதுசூதனன், இந்தப் பிள்ளையை இப்பவே நிப்பாட்டுங்கோ. இல்லாட்டி இந்த வேலை மட்டுமில்லை, கம்பனியின்ர மற்ற நாலு பங்களா வேலையும் உங்களுக்கு இல்லை."

மதுசூதனன் மேசையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மதுஷாவை மட்டும் பார்க்கவில்லை. கடைசியில், "நாளையில இருந்து நீர் வரவேண்டாம் பிள்ளை," என்றார், யாருக்கோ சொல்வதுபோல.

மதுஷா எழுந்திருக்கவில்லை.

"கடுதாசி குடுங்க சேர்."

"என்ன கடிதம்?"

"நிப்பாட்டுற கடுதாசி. எங்க அப்பா ஊசிமலைல தொழிலாளர் சங்கத் தலைவரு. எங்க தோட்டத்துல ஒரு ஆள நிப்பாட்டணும்னா காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். கைல கடுதாசி கிடைக்கிற வரைக்கும் அந்த ஆளு தினம் பெரட்டுக்குப் போயி முன்னால நிப்பாரு. வாயால சொன்னதுக்கெல்லாம் நாங்க எறங்குறதில்ல. காரணம் சரியா இருக்கணும் சேர். லயத்த மறைக்க மாட்டேன்னு சொன்னதுக்காக நிப்பாட்டுறோம்னு எழுதுங்க. நான் எந்திரிச்சுப் போயிர்றேன்."

சொல்லிவிட்டாளே தவிர, நாற்காலியின் விளிம்பைப் பிடித்த கையை எடுக்கவில்லை. கடிதம் வந்துவிட்டால் நாளைக் காலை கணக்கப்பிள்ளையின் புத்தகம் திறந்துவிடும்.

கடிதம் என்றதும் மதுசூதனனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. முப்பது வருஷம் கச்சேரியில் கடிதம் எழுதியவர். முறைப்படி என்றால் அவருக்கு மறுக்கத் தெரியாது. றஷீனாவை அடிக்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள், அடிக்க அடிக்க உரத்து வாசித்தாள்.

"ஊசிமலை பங்களாவின் இணையப் பக்கத்தில்... தொழிலாளர் வசிக்கும் லயத்தை மறைக்க மறுத்த காரணத்தால்... கம்பனியின் வேண்டுகோளின்படி... கம்பனி பேர முழுசாப் போடட்டா சேர்?"

"கம்பனியின்ர பெயர் எதுக்கு?" என்று தயானி குறுக்கே விழுந்தாள். "கீழ்ப்படியாமை எண்டு மட்டும் போடுங்கோ."

"எனக்கு அந்தப் பிள்ளை ஒருநாளும் கீழ்ப்படியாம நடக்கேல்லை," என்றார் மதுசூதனன், நிதானமாக. "உங்களுக்குத்தான். காரணம் உங்களுடையது. அப்ப நீங்களும் ஒரு கையெழுத்து வைக்க வேணும்."

"நான் ஏன் வைக்க வேணும்? உங்கட ஆள்!"

"உங்கட காரணம்."

தாள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. பேனா அதன் மேல் கிடந்தது. தயானி தாளைத் திருப்பி ஒரு முறை வாசித்தாள். அவளுடைய கம்பனியின் தேயிலைப் பெட்டியில் சிரித்த முகத்தோடு கொழுந்து பறிக்கிற பெண்ணின் படம் இருக்கும். தொழிலாளரை மதிக்கும் நிறுவனம் என்று வெளிநாட்டுக்காரனுக்கு நாலு மொழியில் எழுதியிருக்கும். அந்தக் கம்பனியின் பெயரும் இந்தக் காரணமும் ஒரே தாளில் இருந்தன. அவள் பேனாவைத் தொடவில்லை. மதுசூதனனும் தொடவில்லை. கடைசியில் தயானி கைப்பையை எடுத்தாள்.

"கொழும்பில இதைச் செய்ய ஆயிரம் பேர் இருக்கினம்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். வேன் புறப்படும் சத்தம் கேட்டது. நாலு பங்களா வேலையும் அதில் ஏறிப் போய்விட்டது என்று எல்லோருக்கும் தெரியும்.

மதுசூதனன் தாளை எடுத்து நாலாக மடித்தார். "கையெழுத்து இல்லை," என்றார். "அப்ப நீர் நாளைக்கு நேரத்துக்கு வாரும்." சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். நெடுநேரம் கழுவினார்.

அன்று சாயங்காலம் மதுஷா வீட்டில் எல்லாவற்றையும் சொன்னாள். "மரம் மறைக்கலம்மா. நான்தான் மறைச்சேன். இப்ப எடுத்துட்டேன்."

மகள் கடுதாசி கேட்டாள் என்றதும் அப்பா இராமையா சிரித்தார். ரெங்கம்மா சிரிக்கவில்லை. அவள் அடுப்புப் பக்கம் திரும்பி விறகைத் தள்ளினாள். மகள் தன்னை மறைத்தாள் என்பது சுள்ளென்று பட்டிருக்கும். பிறகு சொன்னாள்: "அத நான் பாக்கணும்."

கொழும்பில் ஆள் பிடித்து அந்தப் பக்கத்தை மாற்றக் கம்பனிக்கு மூன்று வாரம் ஆனது. அதற்குள் வந்த முதல் சனிக்கிழமையே ரெங்கம்மா பஸ் ஏறிவிட்டாள். தனியாக வரவில்லை; லயத்திலிருந்து ஒரு காம்பராவுக்கு ஒருத்தியாகப் பத்துப் பெண்கள், பொங்கலுக்குக் கட்டுகிற சேலையில். மருந்துக்கடைக்காரர் வாய் பிளந்து பார்க்க, மாடிப்படி அதிரச் சென்டருக்குள் வந்தார்கள். மதுசூதனன் நாற்காலி தேடி ஓடினார். றஷீனா தன் நாற்காலியையும் கொடுத்தாள்.

மதுஷா பக்கத்தைத் திறந்தாள். படம் பட்டை பட்டையாக இறங்கியது. லயம் வந்ததும் ஒரே கூச்சல். "அந்தா நம்ம தண்ணிப் பீலி!" என்றாள் ஒருத்தி. "அது நம்ம கோழிக்கூடுடி!" என்றாள் இன்னொருத்தி. எட்டாம் வாசலில் நிற்கிற பொட்டைக் காட்டி, "ரெங்கம்மாக்கா, ராணி மாதிரி நிக்கிற!" என்று கேலி செய்தார்கள். ரெங்கம்மா மட்டும் திரைக்கு மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்து தன் தலைக்கு மேலே இருந்த கூரையைப் பார்த்தாள்.

"இத இன்னும் பெருசாக் காட்ட முடியுமா?"

மதுஷா பெரிதாக்கினாள். கூரையில் ஏழாம் காம்பராவுக்கும் எட்டுக்கும் நடுவே மூன்று தகரம் இல்லை. அந்த இடம் கறுப்பாகத் திறந்து கிடந்தது. ஒன்பதில் ஒரு தகரம் பாதி மடங்கி நின்றது. பெண்கள் திரையை நெருங்கினார்கள்.

"தகரம் கேட்டு ரெண்டு மழைக்காலமா தோட்டத்து ஆபிசுக்கு நடக்கிறோம்," என்றாள் ரெங்கம்மா. "கூரை நல்லாத்தான் இருக்கு, நீங்க பொய் சொல்றீங்கன்னு வெரட்டுறாங்க. இந்தப் படத்த எடுத்தது யாரு?"

"கம்பனிம்மா."

"உலகத்துக்கெல்லாம் போட்டுக் காட்டுறது யாரு?"

"கம்பனிதான்."

ரெங்கம்மா நிமிர்ந்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"அப்ப இத அப்படியே அவுங்க பேரோட அச்சடிச்சுக் குடு. திங்கக்கெழமை பத்துப் பேரும் ஆபிசுக்குப் போறோம்."

மதுஷா மதுசூதனனைப் பார்த்தாள். அவர் தானே போய் கலர் பிரிண்டரில் தாளை வைத்தார்.

"எத்தனை கொப்பி பிள்ளை?" என்று கேட்டார்.

"எத்தனைங்கிறது அப்புறம் பாக்கலாம்ங்க," என்றாள் ரெங்கம்மா. "மொதல்ல பெருசாப் போடுங்க."